கொருக்குப்பேட்டைத் தெருவாருக்கும் ஓவியத் தம்பிக்கும் ஒரு நன்றி மடல்

என் தந்தையாரின் கொலை வழக்கில் எங்கள் குடும்பத்திற்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்துப் பிழைத்த என் தந்தையாரைக் கொன்று, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதற்காகத் தெருவார் அவரிடம் கொடுத்துவைத்திருந்த வசூல் பணத்தை டிரங்குப் பெட்டியோடு தூக்கிச் சென்றவருக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவின்படி ஆயுள் தண்டனை விதித்து அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வளாகத்தில் பலருக்கும் கைகூப்பியதோடு நின்றுவிட்டேன். யார் யார் என்ன செய்தீர்கள் என்பதை எழுத்தில் சொல்லிவைப்பது என் கடமை என்று தோன்றியதால் இந்த மடலை எழுதுகிறேன்.

இதில் யாருடைய பெயரும் இருக்காது. வழக்கில் சாட்சி சொன்னவர்கள் இதே தெருக்களில்தான் நாளையும் நடமாட வேண்டும். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சாட்சிக்கு முதல் பாதுகாப்பு அக்கம்பக்கத்தார் வாய் காப்பதுதான் என்பதை எங்கள் தெரு எனக்குக் காட்டியது. விசாரணை நடந்த காலம் முழுவதும், டீக்கடையில் அந்நியர் யாரேனும் வந்து பேச்சுக் கொடுத்தால், “எங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று ஒரே குரலில் சொன்ன தெருவாருக்கு என் முதல் நன்றி. உங்களில் பாதிப் பேருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வழக்கின் முக்கியச் சாட்சி, நாங்கள் ஓவியத் தம்பி என்று அழைக்கும் இளைஞர். அவருக்கு இப்போது 22 வயது. ஆட்டிசம் உள்ளவர், வாய்ச்சொல் கிடையாது. நாங்கள் ஹவுசிங் போர்டு என்று சொல்லும் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, நீல நிறப் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்துகொண்டே இருப்பார். முகங்களை அவர் அநேகமாக வரைவதில்லை. தண்ணீர் லாரியின் குழாய் மூடி, கம்பத்தில் தொங்கும் கேபிள் ஒயர், என் தந்தையார் கரி போட்டுத் துணி தேய்க்கும் கரிப்பெட்டியின் வாயில் உள்ள சேவல் பூட்டு என்று பொருள்களைத்தான் வரைவார். வரைந்தால் அதில் ஆணி ஒன்றுகூட விடுபடாது. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இப்படி ஒரு திறமை ஒளிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு பிள்ளைகளைப் பாடுபடுத்த வேண்டாம் என்று, பின்னர் வழக்கில் துணைக்கு வந்த, மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்கும் சிறப்புக் கல்வியாளர் எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்குக் காகிதம் வாங்கித் தந்து கட்டுப்படியாகாமல், அவருடைய தாயார், நாங்கள் அனைவரும் அக்கா என்று அழைப்பவர், மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுக்கும் பெரிய அளவு தினசரி காலண்டரிலிருந்து நாள்தோறும் காலையில் முந்தைய நாள் தாளைக் கிழித்து, அதன் வெற்றுப் பக்கத்தை அவரிடம் கொடுப்பது வழக்கம். வரைந்து முடித்ததும் தாளை வாங்கி அரிசிப் பையில் போட்டுக் கட்டிவைப்பார். ஆண்டுக்கொரு பை. குப்பையைச் சேர்க்கிறார் என்று அவரைக் கேலி பேசியவர்கள் உண்டு. அந்தப் பைகள்தான் பின்னாளில் எங்கள் வழக்கின் முதுகெலும்பு ஆயின.

கொலை நடந்தது வியாழன் இரவு கழிந்து வெள்ளி விடிவதற்குள். சத்தம் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் தம்பி வரைந்து முடித்த தாளை அக்கா வாங்கிப் பார்த்தபோது, அதில் தெருவிளக்கின் கீழே ஒரு மீன்பாடி வண்டி, அதாவது எஞ்சின் பொருத்திய மூன்று சக்கரச் சரக்கு வண்டி, இருந்தது. எஞ்சினைப் போடாமல் ஒருவர் முதுகு வளைத்து அதைத் தள்ளிக்கொண்டு போகிறார். வண்டியின் மேல் ஒரு டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டியின் இடப்பக்க மூலை நசுங்கி, பூட்டு வளையத்திற்குப் பதிலாகக் கம்பி முறுக்கியிருந்தது. என் பாட்டி திருமணத்திற்குக் கொண்டுவந்த பெட்டி அது. அந்தக் கம்பியை முறுக்கியவர் என் தந்தையார்.

அக்கா அப்போது என்ன செய்தார் என்பதை விட, என்ன செய்யவில்லை என்பதற்காகத்தான் நான் அவருக்கு அதிகம் நன்றி சொல்ல வேண்டும். அவர் மகனை உலுக்கி “யாருடா அது?” என்று கேட்கவில்லை. படத்தைத் தெருவில் காட்டவில்லை. என்னிடம்கூடக் காட்டவில்லை. வீடு வீடாக விசாரித்து வந்த பெண் துணை ஆய்வாளரிடம் மட்டும், கதவைச் சாத்திவிட்டு, எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் துணை ஆய்வாளருக்கு என் இரண்டாவது நன்றி. ஏனென்றால் அந்தத் தாளின் மறுபக்கத்தில் வியாழக்கிழமைத் தேதி இருந்தது. கொலைக்கு முந்தைய பகலில் வரைந்த படம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. உடன் வந்தவர் ஒருவர் அப்படித்தான் சொன்னாராம். அக்கா, “நேற்றைய தாளைத்தானம்மா இன்றைக்குக் கொடுப்பேன்” என்றதும், அந்த அம்மையார் அரிசிப் பைகளைத் தரையில் கொட்டச் சொல்லி, பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். போகி விடியலில் தெருவில் கொளுத்திய பழைய பாயும் மேளம் தட்டும் சிறுவர்களின் கைகளும் போகிக்கு முந்தைய நாள் தாளில் இருந்தன. நடந்திராத போகியை முன்கூட்டியே வரைய முடியாது அல்லவா? தாளின் தேதிக்கு மறுநாள்தான் படம் பிறக்கிறது என்பது இப்படி உறுதியாயிற்று. அதன் பிறகே அவர் படத்தை மடிக்காமல் உறையில் இட்டு, சாட்சிகள் முன்னிலையில் மகஜர் என்னும் கைப்பற்றல் குறிப்பு எழுதிக் கைப்பற்றினார். வண்டி எது, யாருடையது என்று காவல் துறைக்கே தெரியாத நாளில் எழுதப்பட்ட அந்த மகஜர், பின்னால் எதிர்த்தரப்பு “போலீசார் சொல்லிக்கொடுத்து வரையவைத்தது” என்று வாதிட்டபோது பெரும் துணையாக நின்றது.

தம்பியை நிலையத்திற்கு அழைக்காமல், மஃப்டியில் அவருடைய வீட்டிற்கே வந்துபோனதற்கும் அவருக்கு நன்றி. மாற்றுத்திறனாளியை அவர் வசிக்கும் இடத்தை விட்டு வேறிடத்திற்கு வரச் சொல்லி விசாரிக்கக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு சொல்கிறது. சட்டத்தில் இருப்பதைச் செய்ததற்கு நன்றி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சட்டத்தில் இருப்பவை எல்லாம் எங்கள் பகுதிக்கு வந்து சேர்வதில்லை என்பதால்தான் சொல்கிறேன்.

படத்தில் இன்னொன்றும் இருந்தது. வண்டியின் பக்கவாட்டில் அடித்திருந்த தகரத்தில் ஏதோ கோலம்போலச் சில வடிவங்கள். தம்பிக்கு எழுத்துகள் தெரியாது. கண்ட வடிவத்தைக் கண்டபடி வரைந்திருந்தார். துணை ஆய்வாளர் தாளைத் தலைகீழாகத் திருப்பியபோது அவை ‘த்திரக் க’ என்று தமிழ் எழுத்துகளாக நின்றன. பழைய கடைப் பலகை ஒன்றை வெட்டி, எழுத்து தலைகீழாக இருக்கும்படி ஆணி அடித்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. அதற்கு மேல் யாருக்கும் வழி தெரியவில்லை. வடசென்னையில் ஓடும் மீன்பாடி வண்டிகளில் பாதிக்கு இப்படித்தான் ஏதேனும் ஒரு தகரம் ஒட்டுப் போட்டிருக்கும்.

இந்த இடத்தில் வழி காட்டியவர், ஃபிளெக்ஸ் பேனர் வருவதற்கு முன் தண்டையார்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை கடைப் பலகைகள் எழுதிய எங்கள் தெருப் பெரியவர். எழுத்துகளை மட்டும் பார்த்து எழுதிய நகலை அவரிடம் காட்டியபோது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இந்தக் க என்னுடையது” என்றார். அவரோடு தொழில் செய்த மற்ற ஓவியர்கள் எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் கொடுப்பார்களாம். இடதுகைக்காரரான அவர் இடப்பக்கம் கொடுப்பாராம். தம்பியின் படத்திலும் தாளைத் திருப்பினால் நிழல் இடப்பக்கமே விழுந்திருந்தது. எழுத்து என்று அறியாமலேயே அந்த நிழலின் பருமனைக்கூட விடாமல் வரைந்திருந்தார். பெரியவர் அன்று மாலையே, தாம் எழுதிய பாத்திரக் கடைகளை எண்ணிப் பார்த்து, மூடிப்போன ஒன்றைச் சொன்னார். அந்தக் கடையின் பலகை காயலான் கடைக்குப் போனது. காயலான் கடைக்காரர் அதை வெட்டி விற்றது ஒரு வண்டிக்காரருக்கு. தம் தொழில் போய்விட்டதென்று வருந்திக்கொண்டிருந்த பெரியவர் நீதிமன்றத்தில் கூண்டேறி, எனாமல் பெயிண்டையும் தட்டைத் தூரிகையையும் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞரே சற்று நேரம் வழக்கை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம்.

அந்த வண்டியைக் கண்ணால் கண்டு அடையாளம் சொன்னவர்கள் காசிமேட்டில் மீன் ஏற்றும் மீன்பாடி ஓட்டுநர்கள். அவர்களிடம் போய்க் கேட்டு அலைந்தவரைப் பற்றி நான் கட்டாயம் எழுத வேண்டும். பழைய வழக்கு ஒன்று இருந்த ஒரே காரணத்திற்காக, முதல் இரண்டு நாள்களில் விசாரணைக்கென்று கொண்டுபோய் உட்காரவைக்கப்பட்டவர் எங்கள் தெரு இளைஞர். கொலை நடந்த மறுநாளே ஒரு பத்திரிகை ‘முன்விரோதம்’ என்று எழுதிற்று. சட்டையில் மடிப்பு கலையாமல் தேய்த்துக் கொடுத்ததைத் தவிர என் தந்தையாருக்கு யாரோடு என்ன விரோதம் இருந்திருக்க முடியும்? வடசென்னை என்றால் எழுதுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அவமானப்பட்டுத் திரும்பிய அந்த இளைஞர், வீட்டைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கலாம். மாறாக, தனக்குத் தெரிந்த ஓட்டுநர்களிடம் அதிகாலை ஏலம் முடிகிற நேரத்தில் போய்ப் பேசி, தகரம் தலைகீழாய் அடித்த வண்டியைக் கேட்டறிந்து, காவல் துறையிடம் தானே வந்து சொன்னார். அப்படி அலைந்த இளைஞனே, உனக்கும் இந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை நம் தெருவார் அனைவர் முன்னிலையிலும் கொலையுண்டவரின் மகள் எழுத்தில் சொல்கிறேன். உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு.

வண்டியின் சொந்தக்காரர் அதை இரவில் வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைக்கு எடுத்தவர் பிடிபட்டார். அவர் சொன்னதை வைத்துப் பக்கிங்காம் கால்வாய்க் கரையின் முட்புதரில் பெட்டி எடுக்கப்பட்டது. தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே கசிந்து காய்ந்திருந்த இரத்தம் மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு அனுப்பப்பட்டு, என் தந்தையாருடையது என்று முடிவு வந்தது. இவற்றைச் செய்த அனைவருக்கும் நன்றி.

வழக்கு நீதிமன்றத்திற்குப் போகும்போதுதான் பெரிய கேள்வி எழுந்தது: தம்பியைச் சாட்சியாக ஏற்பார்களா? வாய்பேச இயலாத சாட்சி, எழுத்தாலோ சைகையாலோ, நீதிமன்றம் புரிந்துகொள்ளக்கூடிய வேறெந்த வகையிலோ சாட்சியம் அளிக்கலாம் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் துணையோடு வாக்குமூலம் பெற வேண்டும், அதைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. இப்போது 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அது 125ஆவது பிரிவு. இதையெல்லாம் பொறுமையாக எங்களுக்கு விளக்கிய அரசு வழக்கறிஞர், மகனின் சைகை முழுவதும் தெரிந்த அக்காவே மொழிபெயர்க்கலாமே என்று நாங்கள் கேட்டபோது, கூடாது என்று மறுத்துவிட்டார். ராஜஸ்தானில் நடந்த ஒரு கொலை வழக்கில், பேச இயலாத சாட்சிக்கு அவருடைய தந்தையே மொழிபெயர்ப்பாளராக இருந்ததையும், சைகைகள் பதிவாகாததையும் குறையாகக் கண்டு, 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை நம்ப மறுத்ததை எடுத்துச் சொன்னார். அன்று எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. இன்று அந்தக் கண்டிப்புக்காகவே நன்றி சொல்கிறேன்.

சிறப்புக் கல்வியாளராக வந்த அம்மையார், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் பயின்றவர். வழக்கைப் பற்றி ஒரு வரியும் தமக்குச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் வீட்டுக்குள் நுழைந்தார். வாரக்கணக்கில் தம்பியின் அருகே உட்கார்ந்து, பட அட்டைகளை வைத்து, அவர் எப்போது ஆம் என்கிறார், எப்போது வேண்டாம் என்கிறார், எப்போது களைத்துவிட்டார் என்பதை மட்டும் கற்றுக்கொண்டார். ஆம் என்றால் தம்பி அட்டையை முழங்கையால் தள்ளுவார். வேண்டாம் என்றால் அதைக் கவிழ்த்துவைப்பார். நடுவில் ஒரு நாள், தம்பி குற்றவாளியின் முகத்தை வரைந்துவிட்டால் வழக்கு இன்னும் உறுதிப்படும் என்று எங்கள் உறவினர் ஒருவர் ஆசைப்பட்டு, ஒரு புகைப்படத்தோடு வந்தார். அவரை வாசலிலேயே நிறுத்தி, “அவர் கையில் நம் சொல்லை வைத்தால், அதன் பிறகு அவர் வரைவது எதுவும் அவருடையதாக இருக்காது” என்று அம்மையார் திருப்பி அனுப்பினார். கடைசிவரை தம்பி முகத்தை வரையவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வழக்கு நின்றது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாட்சியம் அளித்த நாளில் நீதிமன்ற அறையின் மின்விசிறிச் சத்தம் தம்பிக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மையார் எழுதிக் கொடுத்ததன் பேரில், சிறிய அறை ஒன்றில், விசிறியை நிறுத்தி, கேமரா வைத்து விசாரணை நடந்தது. கேள்விகளைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்லக்கூடியவரா என்று பார்ப்பதற்காக, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று முதலில் கேட்கப்பட்டது. தம்பி இட்லிக் குண்டானை வரைந்து, மூடியின் குமிழ் இல்லாத இடத்தில் செருகியிருக்கும் துணிச்சுருளையும் வரைந்தார். வெளியே உட்கார்ந்திருந்த அக்காவைத் தனியே கேட்டபோது, குமிழ் உடைந்துபோனதையும் துணி செருகியதையும் அவர் சொன்னார். அதன் பிறகு, அன்றைய இரவு ஜன்னலில் கண்டதை வரையச் சொன்னார்கள். முதல் படத்தைக் காட்டாமலேயே, அதே கோணத்தில், அதே வண்டியை, தகரத்தில் அதே தலைகீழ் எழுத்துகளோடு மறுபடியும் வரைந்தார். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் வண்டியில் இருந்தது மூட்டையா என்று கேட்டது; தம்பி மூட்டைப் பட அட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, பெட்டியின் கம்பி முறுக்கைத் தனியே பெரிதாக வரைந்து காட்டினார். ஓவியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்கவில்லை, அது காட்டிய வழியில் கிடைத்த மற்ற சான்றுகள் அதை உறுதிசெய்வதால் ஏற்கிறோம் என்றே தீர்ப்பில் இருக்கிறது. அதுவே முறை என்று எனக்கும் படுகிறது. நீதிபதிக்கு நன்றி சொல்வது மரபில்லை என்று வழக்கறிஞர் சொன்னதால், விசிறியை நிறுத்தச் சொன்னதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று சிறப்புக் கல்வியாளரிடமே கேட்டேன். கட்டிப்பிடிக்க வேண்டாம், மாலை போட வேண்டாம், கூட்டம் சேர்க்க வேண்டாம் என்றார். ஆகவே என் தந்தையாரின் கரிப்பெட்டியைச் சாம்பல் போகத் துலக்கி, அவருடைய ஜன்னல் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது அதைத்தான் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைகிறார் என்று அக்கா சொல்கிறார்.

மீட்கப்பட்ட வசூல் பணம் நீதிமன்ற உத்தரவின்படி திருவிழாக் குழுவிடம் சேர்ந்துவிட்டது. குறைந்த தொகையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்காததற்கும், பந்தல்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காததற்கும் நன்றி.

தெருவாருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. தொலைந்துபோன சைக்கிளையும் காணாமல்போன கொலுசையும் பற்றிக் கேட்டுக்கொண்டு சிலர் தம்பியின் வீட்டுப் படி ஏறுவதாகக் கேள்விப்படுகிறேன். அருள்கூர்ந்து அதை நிறுத்துங்கள். தம்பிக்கு ஏதேனும் கொடுக்க விரும்புகிறவர்கள் அக்காவிடம் முன்னதாகக் கேட்டுவிட்டு, நீலப் பால்பாயிண்ட் பேனா வாங்கிக் கொடுங்கள். கறுப்பு மை அவருக்குப் பிடிக்காது.

இப்படிக்கு,
நன்றியுடன்,
இஸ்திரிக்காரர் மகள்,
கொருக்குப்பேட்டை.